வேக்கம்எல்ஓ-வா, எல்ஓ_மேனேஜ் ட்ரிக்கரா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வரிசையை அழித்தாலும் அது சுட்டிய லார்ஜ் ஆப்ஜெக்ட் (தனியே சேமிக்கப்படும் பெரிய தரவு) தானாகப் போகாது. பிஜி_லார்ஜ்ஆப்ஜெக்ட் அட்டவணையில் அனாதையாகக் கிடக்கும். அதைத் துடைக்க இரு வழிகள்: வேக்கம்எல்ஓ கட்டளை, எல்ஓ_மேனேஜ் ட்ரிக்கர்.

வேக்கம்எல்ஓ கட்டளை, ஓஐடி (ஆப்ஜெக்டின் அடையாள எண்), எல்ஓ ஆகிய வகைப் பத்திகளை மட்டும் துழாவி, அங்கே காணப்படாத ஆப்ஜெக்டுகளை நீக்கும். ஆபத்தும் அங்கேதான். ஹைபர்நேட் (ஜாவா நிரலைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் நூலகம்) சில அமைப்புகளில் ஓஐடி எண்ணை டெக்ஸ்ட் பத்தியில் எழுதிவிடும். வேக்கம்எல்ஓவுக்கு அது தெரியாது, உயிருள்ள தரவையே துடைத்துவிடும். ஓஐடி மேல் நீங்களே கட்டிய டொமைனும் (சொந்தத் தரவு வகை) அப்படித்தான். பேக்கப் எடுத்து, முதலில் -என் (-n) கொடுத்து ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒரு பூட்டு வேண்டும் என்பதால் 1000 நீக்கத்துக்கு ஒருமுறை கமிட் செய்யும் (மாற்றங்களை உறுதியாக்கும்). இந்த எண்ணை -எல் (-l) கொண்டு மாற்றலாம், 0 வேண்டாம்.

எல்ஓ_மேனேஜ் ட்ரிக்கர் (வரிசை மாறும்போது தானாக ஓடும் நிரல்) வழிக்கு எல்ஓ எக்ஸ்டென்ஷன் (கூடுதல் தொகுதி) தேவை. ஒவ்வொரு பத்திக்கும் தனி ட்ரிக்கர். அப்டேட், டெலீட்டின்போதே பழையது நீங்கும். ஆனால் டிராப் டேபிள் (அட்டவணையை நீக்குதல்), ட்ரங்கேட் (அதைக் காலியாக்குதல்) இரண்டிலும் இது ஓடாது. ஒரே ஆப்ஜெக்டை இரு வரிசைகள் பகிர்ந்தால் இந்த ட்ரிக்கரைத் தொடவே கூடாது.

புதிய ஸ்கீமாவுக்கு (அட்டவணை அமைப்புக்கு) ட்ரிக்கர், மாதம் ஒருமுறை வேக்கம்எல்ஓ என்று இரண்டையும் வைப்பதே என் தேர்வு. ஏற்கெனவே குவிந்த குப்பைக்கு வேக்கம்எல்ஓ மட்டுமே உதவும். எதைச் செய்தாலும் வட்டு இடம் உடனே திரும்பாது; அதற்கு பிஜி_லார்ஜ்ஆப்ஜெக்ட் மீது வேக்கம் ஃபுல் (அட்டவணையைச் சுருக்கி மீண்டும் எழுதும் கட்டளை) ஓட்ட வேண்டும், அது முடியும்வரை அட்டவணை முழுதும் பூட்டப்பட்டிருக்கும்.