முதல் லைசென்ஸுக்கு கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

லைசென்ஸ் எடுக்கக் கிளம்புகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வண்டியில் பழகி எந்த வண்டியில் டெஸ்ட் கொடுப்பது என்பதைத்தான். கேட்டால் ஆளாளுக்கு எது சுலபம் என்று சொல்லிவிடுவார்கள். ஆட்டோமேட்டிக் சுலபம், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கையில் வரப்போகும் உரிமம் எந்த வண்டிக்கெல்லாம் செல்லும் என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆட்டோமேட்டிக்கில் பாஸானால் பொதுவாக உரிம அட்டையில் 78 என்ற குறியீடு ஏறும். அது இருக்கும்வரை கியர் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. பிரிட்டனிலும் இதே கதைதான். பிறகு கியர் வண்டி ஓட்ட ஆசைப்பட்டால் இன்னொரு சாலைத் தேர்வு எழுந்து நிற்கும். ஜப்பானில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான உரிமம் 1991 முதல் தனியாகவே உண்டு. ஜெர்மனி 2021 ஏப்ரலில் ஒரு நடுவழி கண்டுபிடித்தது: தேர்வை ஆட்டோமேட்டிக்கில் கொடுக்கலாம்; கூடவே கியர் வண்டியில் 45 நிமிட வகுப்புகள் குறைந்தது 10 முடித்து, பயிற்சிப் பள்ளியே வைக்கும் 15 நிமிட ஓட்டத்தில் தேறினால் கட்டுப்பாடு ஏறாது. இந்தியாவில் காருக்கு இப்படிப் பிரிவினை கிடையாது. கியர் உள்ளது, இல்லாதது என்ற பாகுபாடு இருசக்கர வண்டியோடு நின்றுவிடுகிறது.

கட்டுப்பாடு உள்ள இடங்களிலும் அது ஒருவழிதான். கியர் வண்டியில் பாஸானவர் இரண்டையும் ஓட்டலாம்.

கிளட்ச்சில் அப்படி என்ன சிக்கல்

புதியவரைத் திணறடிப்பது, நிற்கும் வண்டியைக் கிளப்புவது. கியர் மாற்றுவதெல்லாம் ஓரிரு வகுப்பில் கைக்குப் பழகிவிடும். வண்டி நிற்கும்போது சக்கரம் சுற்றுவதில்லை. எஞ்சின் மட்டும் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் தொடாத நிலையில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 முதல் 900 சுற்று ஓடிக்கொண்டிருக்கும். இவை இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்; இடது காலால் பெடலை மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். அதைப் படக்கென்று விட்டால், ஓடும் எஞ்சினை அசையாத சக்கரத்தோடு ஒரே நொடியில் கட்டிவிடுகிறோம். ஐடிலில் எஞ்சினுக்கு அவ்வளவு வலு ஏது? ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிடும். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சின்ன பெட்ரோல் எஞ்சின் பொறுக்காது.

இதற்கு நல்ல மருந்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் செய்யும் பயிற்சி. சமதரையில் ஃபர்ஸ்ட் கியர் போட்டு, வலது காலை பிரேக் மேல் தயாராக வைத்துக்கொண்டு, இடது குதிகாலைத் தரையில் ஊன்றி கிளட்ச்சை மெல்ல மேலே விட வேண்டும். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், ஸ்டியரிங்கில் லேசாக அதிர்வு தெரியும், வண்டியின் மூக்கு ஒரு நூல் எழும். அதுதான் ஹாஃப் கிளட்ச். காலை அங்கேயே நிறுத்தினால் வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். மூன்று நொடி ஊர விட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, பிரேக் போட்டு, மறுபடி முதலிலிருந்து. ஒரே அமர்வில் இருபது தடவை செய்தால் கால் அந்த இடத்தை மனப்பாடம் செய்துவிடும். வராதவர்களுக்குப் பெரும்பாலும் சீட்டில்தான் கோளாறு. சீட் பின்னால் போய்விட்டால் கால் அந்தரத்தில் தொங்கும், தொடை நடுங்கும். நடுங்கும் காலால் ஓர் அங்குலத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. கிளட்ச்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும் அளவுக்கு சீட்டை முன்னால் தள்ள வேண்டும்.

அடுத்தது மேடு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஃபர்ஸ்ட் கியர், ஆக்சிலரேட்டரை 1500 சுற்று வரும்வரை அழுத்தல், கிளட்ச்சை ஹாஃப் கிளட்ச் வரை விடுதல். மூக்கு எழுந்ததும் இரண்டு காலையும் அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை விடுதல். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். கை ஹேண்ட் பிரேக்கை விடும்போது கால் தன்னையறியாமல் கிளட்ச்சை மறுபடி மிதித்துவிடும். வண்டி பின்னால் உருளும். உருண்டால் முதலில் பிரேக், பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆட்டோமேட்டிக்கில் வேறு விதமான தவறு

முன்னால் போகும் நிலையான டி-யில் போட்டு பிரேக்கை விட்டாலே பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகள் மெதுவாக ஊரும். முதல் வகுப்பிலேயே கவனம் முழுவதும் கண்ணாடிக்கும் சாலைக்கும் போய்விடுவது பெரிய லாபம். டெஸ்டில் மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது: சந்திப்பில் பார்வை, இன்டிகேட்டர் போடும் நேரம், தடம் மாறுவது.

அந்த ஊர்தலே டெஸ்டில் காலையும் வாரும். சிக்னலில் நிற்கும்போது கால் தளர்ந்தால் வண்டி ஓசைப்படாமல் கோட்டைத் தாண்டிவிடும். ரிவர்ஸ் பார்க்கிங்கில் ஊர்தல் வேகமே போதும். ஆக்சிலரேட்டர் பக்கமே போகாமல் காலை பிரேக் மேலேயே வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, வண்டி முழுக்க நிற்பதற்குள் ரிவர்ஸான ஆர்-இலிருந்து டி-க்குத் தள்ளுவது. கியர்பாக்ஸுக்கும் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளருக்கும் ஆகாது. இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்காமல் எல் என்ற தாழ்ந்த கியர் நிலைக்கோ கைமுறை நிலைக்கோ மாற்றினால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்; ஆட்டோமேட்டிக்கில் பழகியவர்கள் பலர் இதைக் கற்பதே இல்லை.

மோசமான தவறு பெடல் மாறி மிதிப்பது. கியர் வண்டியில் பதற்றத்தில் இடது கால் கிளட்ச்சையும் சேர்த்து மிதித்துவிட்டால் எஞ்சின் வெறுமனே கத்தும், வண்டி பாயாது. ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தடுப்பு இல்லை. எனவே வலது காலுக்கு ஒரே விதி: குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டருக்கு நுனிக்கால் மட்டும் சாய வேண்டும். இடது காலுக்கு இங்கே வேலையே கிடையாது.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் பல சரக்கு ஓடுகிறது. ஏஎம்டி என்ற வகை உண்மையில் கியர் வண்டியின் அதே கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை நமக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது. கியர் மாறும்போது தலை ஆடும். மேட்டில் பிடித்து நிறுத்தும் வசதி இல்லாத மாடல் பின்னால் உருளும். படிப்படியான கியர்களே இல்லாத சிவிடி வகை வழுவழுவென்று போகும், வேகம் ஏறுவதே தெரியாது. வேகக் கட்டுப்பாட்டில் மதிப்பெண் போவது இப்படித்தான். மின்சார வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டாலே வேகம் நன்றாகக் குறையும்படி வைக்கலாம். பழக சுகம், ஆனால் பிரேக்குக்குக் கால் போகும் பழக்கம் படியாது. கற்கும் நாளில் அந்த அமைப்பைக் குறைத்து வைப்பது நல்லது.

யாருக்கு எது

உரிமத்தில் கட்டுப்பாடு ஏறும் நாடு, வேலைக்கோ வாடகைக்கோ கியர் வண்டி எடுக்க வேண்டி வரலாம், இரண்டு மூன்று வாரம் கூடுதலாகப் பழக நேரம் இருக்கிறது என்றால் கியர் வண்டியே சரி. கட்டுப்பாடு இல்லாத நாட்டில், வீட்டில் நிற்பதும் ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச்சோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை. இடது காலில் வலியோ பலவீனமோ இருப்பவர், கிளட்ச் பயத்தாலேயே சாலையைப் பார்க்க மறப்பவர் இருவருக்கும் ஆட்டோமேட்டிக்தான் பாதுகாப்பு. பள்ளியில் கியர், வீட்டில் ஆட்டோமேட்டிக் என்று டெஸ்டுக்கு முந்தைய வாரத்தில் மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. பழகிய கால் கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக்கை ஓங்கி மிதிக்கும், பின்னால் வருபவர் முட்டுவார்.

எதைத் தேர்ந்தாலும் பழகிய அதே வண்டியில் டெஸ்ட் கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். கிளட்ச் தேய்ந்த வண்டியில் ஹாஃப் கிளட்ச் உயரத்தில் வரும், புதியதில் தாழ்வாக வரும். வேறு வண்டிதான் கிடைக்கும் என்றால் அன்று காலை அரைமணி நேரம் அதே வண்டியைக் கேட்டு வாங்கி, ஆக்சிலரேட்டர் தொடாத அந்தப் பயிற்சியை ஐந்தாறு முறையாவது செய்துவிட்டு வரிசையில் நிற்கலாம்.