"கடலில் பிடித்த வெள்ளை இறால்" என்று வரும் வனாமி: மொத்தமாக வாங்குவோர் கவனத்துக்கு

இந்திய வெள்ளை இறால், கடலில் பிடித்தது, தலை நீக்கி உறையவைத்தது, மீன்பிடிப் பகுதி 57. ஒரு சரக்கில் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்தது இதுதான். மரபணுச் சோதனையில் அத்தனை மாதிரியும் வனாமி, அதாவது நம் பக்கம் பண்ணையில் வளர்க்கும் வேறோர் இறால் இனம், என்று வந்தது. விற்றவரிடம் கேட்டால், "ரெண்டும் வெள்ளை இறால்தானே" என்கிறார். அந்தப் பதிலில் யாரும் மயங்கிவிடக் கூடாது.

பீனியஸ் வனாமியின் சொந்தக் கடல் பசிபிக்கின் கிழக்கு ஓரம்: மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வட பெருவின் தும்பெஸ் வரை. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் அது வளர்வது பண்ணைக் குளங்களில். குளத்திலிருந்து தப்பிய ஒன்றிரண்டு வலையில் விழலாம்; அதைக் கொண்டு ஒரு சரக்கை நிரப்ப முடியாது. இந்திய வெள்ளை இறாலான பீனியஸ் இண்டிகஸோ கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தென் சீனா, வட ஆஸ்திரேலியா வரை இயற்கையாகவே இருப்பது. ஆகவே பெயரையும் பகுதி எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 51 மேற்கு இந்தியப் பெருங்கடல், 57 கிழக்கு இந்தியப் பெருங்கடல். கடலில் பிடித்த வனாமி என்றால் பசிபிக்கின் கிழக்குப் பக்கத்து எண்களான 77 அல்லது 87 இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை எல்லா இனத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. கறுப்புப் புலி இறால் (பீனியஸ் மோனோடான்) இந்திய-பசிபிக் கடல்களுக்கு உரியதுதான். ஆனாலும் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் அது குடியேறிவிட்டது. அதில் அந்த வளைகுடா அடங்கிய பகுதியின் எண்ணான 31 என்று கண்டதும் மோசடி என்று குதிக்க வேண்டாம்.

அடுத்து வரும் சாக்கு: "பேரை மாத்திட்டாங்க." பாதி உண்மை. 1997இல் பீனியஸ் பேரினத்தை ஆறாகப் பிரித்தார்கள். வனாமி லிட்டோபீனியஸ் ஆனது, இண்டிகஸ் ஃபென்னரோபீனியஸ் ஆனது. பிறகு பலர் பழைய பெயருக்கே திரும்பினார்கள், அதனால் இரண்டும் புழக்கத்தில் உண்டு. மாறியது முதல் சொல் மட்டும். இரண்டாவது சொல்லைப் பாருங்கள். இண்டிகஸ் எந்தப் பெயர் மாற்றத்திலும் வனாமி ஆகாது.

மாதிரி தலையோடு வரும், சரக்கு தலையில்லாமல் வரும். சூட்சுமமே அங்கேதான், முக்கியமான அடையாளங்கள் தலைப்பகுதியில் இருப்பதால். தலையின் முன்னே நீட்டியிருக்கும் கொம்பின் அடிப்பக்கப் பற்கள் இண்டிகஸில் பெரும்பாலும் 4 முதல் 6, வனாமியில் 2 முதல் 4. இரண்டிலும் 4 வரக்கூடும் என்பதால் இது மட்டும் போதாது. வளர்ந்த பெண் இறாலைத் திருப்பி, கடைசி நடைக்கால்களுக்கு நடுவே பாருங்கள். இண்டிகஸில் இரண்டு தகடுகள் சேர்ந்து பை போல மூடியிருக்கும். வனாமியில் அந்தப் பை கிடையாது, திறந்தே இருக்கும். கொம்பின் அடிப்பக்கத்தில் பல்லே இல்லையென்றால் அது பீனியஸே அல்ல, மெட்டாபீனியஸ் போன்ற வேறு பேரினம்.

தலை போன பிறகும் ஓடு இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடலாம். வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் பக்கத் தகடு, முதல் கண்டத்தின் தகட்டையும் மூன்றாவதையும் மூடிக்கொண்டிருந்தால் அது கரிடியா என்ற வேறு இறால் வகை. வடக்குக் கடல்களின் குளிர்நீர் இறாலான பாண்டலஸ் பொரியாலிஸ் அந்தக் கூட்டம். பீனியஸ் குடும்பத்தில் இரண்டாவது முதலாவதை மூடாது. நீச்சல் கால்களில் முட்டை ஒட்டியிருந்தாலும் அது பீனியஸ் குடும்பம் இல்லை, இவை முட்டையை நேராகத் தண்ணீரில் விட்டுவிடும்.

ஓட்டையும் உரித்துவிட்டால் கண்ணால் முடிவு சொல்ல முடியாது. வேகவைத்ததில் நிறம் உதவாது: புரதத்தோடு பிணைந்திருந்த அஸ்டாசாந்தின் என்ற நிறமி சூட்டில் விடுபட்டு எல்லா இனமும் சிவந்துவிடும். மரபணுச் சோதனைதான் வழி. மாதிரியை விற்பவர் கையால் வாங்காமல், அடுக்கின் நடுவிலும் அடியிலும் உள்ள பெட்டிகளிலிருந்து நீங்களே எடுத்து, பெட்டி எண்ணை எழுதி, இரு தரப்பும் பார்க்க முத்திரையிட்டு அனுப்புங்கள். ஒரு பங்கை உறைநிலையில் வைத்திருங்கள். பணம் முழுவதும் போவதற்கு முன்பே இது முடிய வேண்டும். விலைப்பட்டியலில் அறிவியல் பெயர் இரண்டு சொல்லாகவும், பகுதி எண்ணும், பிடித்ததா வளர்த்ததா என்பதும் இல்லாமல் "வெள்ளை இறால்" என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.