தெரிவுவிடையா, சுயவிடையா?

சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குக் கருத்தறிதல், அதாவது ஒரு பத்தியைப் படித்துக் கேள்விகளுக்கு விடை சொல்வது, இரண்டு வகையாக வருகிறது. கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிப்பது தெரிவுவிடை. சொந்தமாக எழுதுவது சுயவிடை. தொடக்கநிலை நான்கில் பன்னிரண்டு பேருக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது பெரும்பாலும் சுயவிடைதான்.

தெரிவுவிடையைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். குருட்டாம்போக்கில் குறித்தாலும் நாலில் ஒன்று சரியாகிவிடும் என்பது தெரிந்த குறை. அதைவிட என்னை உறுத்தியது வேறு.

ஔவையாரிடம் முருகன் “சுட்ட பழமா, சுடாத பழமா?” என்று கேட்ட கதையைக் கொடுத்திருந்தேன். பாட்டி ஏன் பழத்தை ஊதினார்? ‘மண் ஒட்டியிருந்ததால்’ என்று ஏறக்குறைய எல்லோரும் சரியாகக் குறித்தார்கள். அடுத்த வாரம் அதையே எழுதச் சொன்னேன். முன்பு சரியாகக் குறித்த ஒரு சிறுமி, “பழம் சூடாக இருந்ததால் ஊதினார்” என்று எழுதியிருந்தாள். ‘சுட்ட’ என்றால் அடுப்பில் சுட்டது என்றே நினைத்திருக்கிறாள். முருகனின் குறும்பு அவளிடம் போய்ச் சேரவே இல்லை. அந்த ஒரு தப்பான விடை எனக்கு அடுத்த பாடத்தையே எடுத்துக் கொடுத்தது.

மற்றவர்கள்? பத்தியில் ‘ஊதினார்’ எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தார்கள். ‘ஏன்’ என்று கேட்டால் ‘ஆல்’ என்று முடியும் சொல்லைப் பிடித்தால் போதும் என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. தப்பு என் கேள்வியில். அதனால் இப்படி மாற்றினேன்: “பழம் சுடுகிறதா என்று சிறுவன் கேட்டது சந்தேகமா, கேலியா? எப்படிச் சொல்கிறாய்?” இதற்குப் பத்தியில் பெயர்த்தெழுத வரி கிடையாது. “கேலி. பலம் மரத்தில் இருந்து விலுந்தது, அடுப்பில் இல்லை” என்றான் ஒருவன். ழகரம் இரண்டு இடத்தில் போனாலும் கருத்துக்கு உரிய இரண்டு மதிப்பெண்ணும் கொடுத்தேன். மொழிக்கான ஒன்றில்தான் கை வைத்தேன்.

இதற்கு விலை என் ஞாயிற்றுக்கிழமை மாலை. பன்னிரண்டு தாள், ஆளுக்கு ஐந்து கேள்வி, ஒவ்வொன்றும் ஒருவிதக் கையெழுத்து.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ளவர்களுக்கோ, பெரியவர்களுக்கோ நான் பாடம் எடுத்ததில்லை. அங்கே தெரிவுவிடையே பொருத்தமாக இருக்கலாம். தேர்வு நெருங்கும்போது நானும் தெரிவுவிடைப் பயிற்சி கொடுக்கத்தான் செய்கிறேன். ஆனால் குறித்த விடைக்குப் பக்கத்தில், ஏன் அதைக் குறித்தார்கள் என்று ஒரு வரி எழுதவும் சொல்லிவிடுகிறேன்.