வித்யாலட்சுமி தளம்: விண்ணப்பம் எளிது, கடன் கிளையின் கையில்

மகளின் பொறியியல் படிப்புக்காக மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளம் வழியே கல்விக்கடனுக்கு விண்ணப்பித்தோம். 2015-இல் தொடங்கப்பட்ட இத்தளத்தில் ஒரே பொதுப் படிவத்தை நிரப்பி, மூன்று வங்கிகள் வரை அனுப்பலாம். மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், கல்லூரி தந்த கட்டண விவரம், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்திருப்பவருக்கு இது ஒரு மாலை நேர வேலைதான்.

ஆனால் தளம் கடன் தருவதில்லை. விண்ணப்பத்தைக் கொண்டுசேர்ப்பதோடு அதன் பணி முடிகிறது. நாங்கள் சென்ற வங்கிக் கிளையில், நான்கு லட்சம் ரூபாய்க்கே வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்ட பிறகே, "மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் சார்" என்றார் மேலாளர்; கோப்பு நகர்ந்தது.

இனி வட்டி. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால் பலர் வட்டியையே மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள், 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், தவணை தொடங்கும் நாளில் நான்கு லட்சம் 5.40 லட்சமாகியிருக்கும். முதலாண்டு வட்டி மாதம் சுமார் 833 ரூபாய்தான். தமிழக அரசின் புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவி அதைக் கொண்டே கட்டிவிடலாம்.

கடன் அவசியமா என்பது எந்த இடம் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. கலந்தாய்வில் வரும் முதல் பட்டதாரிக்கும் கட்டணச் சலுகை உண்டு. இவற்றைப் பார்க்காமல் வங்கிக்கு ஓடுவது வீண். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டம், எட்டு லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளோருக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் தருகிறது. ஆனால் பட்டியலில் உள்ள உயர்தர நிறுவனங்களுக்கு மட்டுமே. நன்கொடை வாங்கும் கல்லூரிக்காகக் கடன்படுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நாங்கள் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் வாங்கினோம். விடுதிச் செலவு எங்கள் சம்பளத்தில். பணம் ஆண்டுதோறும் கல்லூரிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. அதற்காக, முந்தைய பருவங்களின் மதிப்பெண் பட்டியலையும் புதிய கட்டண விவரத்தையும் கிளையில் கொடுக்க வேண்டியிருப்பதால், கட்டணக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே போய்விடுவது நல்லது.