400 கிராம் மெழுகு 2,850 ரூபாய்: மரவேலை செய்பவர்கள் வாங்கும் முன் படியுங்கள்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை செய்து கொடுத்தேன். ஒரு மெழுகு டப்பாவை நம்பியதால் பணமும் போய், பெயரும் கெட்டது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

மேசை ஏழடிக்கு மூன்றரை அடி. அவர்கள் தோட்டத்திலேயே காபிச் செடிக்கு நிழலாக நின்ற சில்வர் ஓக். அறுத்து இரண்டு வருடம் நிழலில் காயப் போட்டிருந்தார்கள். சில்வர் ஓக்கை வாட்டம் பார்த்து அறுத்தால் பலகை முழுக்க ஜரிகை தெளித்த மாதிரி மினுக்கும். அதை வார்னிஷால் மூட எனக்கு மனசு வரவில்லை. அந்த வீட்டு அம்மாவும், "பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு வேண்டாம் தம்பி, மரம் மரமாவே இருக்கட்டும்" என்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்து செல்போனில் ஒரு விளம்பரம். வெளிநாட்டு பேஸ்ட் வேக்ஸ் (களிம்பு மாதிரித் தேய்க்கும் மெழுகு), தேன்மெழுகும் கார்னோபா மெழுகும் கலந்தது, 400 கிராம் 2,850 ரூபாய். போன் போட்டேன். சாப்பாட்டு மேசைக்குத் தாங்குமா என்று இரண்டு தடவை கேட்டேன். "தாராளமா சார். வெறும் மரத்துல நேரா தேய்ங்க, வேற கோட்டிங்கே தேவையில்ல. முழு வாட்டர்ப்ரூஃப்." இரண்டு டப்பா வாங்கினேன். 5,700 ரூபாய்.

தேய்த்து முடித்தபோது மேசை நிஜமாகவே அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். கையை வைத்தால் எடுக்க மனசு வராது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றி இறக்கிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் மேசை முழுக்க வட்டம் வட்டமாகத் தடம், காபி டம்ளர் வைத்த இடமெல்லாம். விரலால் தடவினால் அந்த இடத்தில் மட்டும் நார் எழும்பிச் சொரசொரவென்று இருக்கிறது. ஓரத்தில் ஈரத்துணி கிடந்த இடம் கருத்துப் போயிருந்தது. அம்மா கோபப்படவில்லை. "என்ன தம்பி இப்படி ஆயிடுச்சு" என்று மட்டும் கேட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விற்றவருக்குப் போட்டோ அனுப்பினேன். "நீங்க சரியா தேய்ச்சிருக்க மாட்டீங்க சார்" என்றார். பணத்தைக் கேட்டதும், திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். திறக்காத டப்பா ஒன்று இருக்கிறதே என்றேன். அதன்பிறகு போனை எடுப்பதே இல்லை.

எங்கள் பட்டறைக்குப் பாலிஷ் போட வரும் பெரியவரிடம் சொன்னேன். "அடியில என்ன போட்டீங்க?" என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றேன். "அப்புறம் எப்படிங்க நிக்கும்?" என்றார். விஷயம் அவ்வளவுதான். தேய்த்துத் துடைத்த பிறகு மரத்தின் மேல் நிற்கும் மெழுகு மிக மிக மெல்லிய படலம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும். சுடச்சுட ஆற்றிக் கொடுக்கும் காபி டம்ளருக்கு அது எந்த மூலைக்கு? கார்னோபா பிரேசில் நாட்டுப் பனையோலையில் எடுப்பது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கெட்டியானதும்கூட. ஆனால் அதுவும் வெறும் மரத்துக்குள் தண்ணீர் இறங்குவதைத் தடுத்து நிறுத்தாது. மெழுகு என்பது அரக்கோ வார்னிஷோ போட்டு முடித்த பிறகு, மேலே மினுக்கத்துக்கும் வழவழப்புக்கும் தேய்ப்பது.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். செவ்வாய்ப்பேட்டையில் மச்சான் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய வெள்ளித் தராசில் அந்தப் பேஸ்ட்டைச் சரியாக 10 கிராம் நிறுத்து, ஒரு தட்டில் மெல்லிசாகத் தடவி வைத்தேன். நாலு நாள் கழித்து நிறுத்தால் 2.7 கிராம். மறுநாளும் அதே எடை. மிச்சமெல்லாம் மெழுகைக் கரைக்கச் சேர்த்து, ஆவியாகப் போன தின்னர். பேஸ்ட் வேக்ஸில் தின்னர்தான் அதிகம் இருக்கும், அது தப்பில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள்: 400 கிராம் டப்பாவில் மெழுகு 108 கிராம். கிலோ மெழுகுக்கு 26,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறேன்!

இப்போது நானே செய்துகொள்கிறேன். நல்ல தேன்மெழுகு கிலோ 700 ரூபாய்க்கு வாங்கினேன். 100 கிராம் மெழுகுக்கு 300 மில்லி டர்பன்டைன். சுமார் 350 கிராம் பேஸ்ட், 120 ரூபாய்க்குள் முடிகிறது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே தூக்கிப் போன பிறகுதான் டர்பன்டைன் ஊற்ற வேண்டும். அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும், இதில் அலட்சியமே கூடாது. சேலம் வெயிலுக்கு வெறும் தேன்மெழுகு கொஞ்சம் பிசுபிசுக்கும். அதற்குக் கார்னோபா சிறிது சேர்த்தால் இறுகும். விலை கூடிய டப்பாவில் விலைக்கேற்ற பொருள் என்று ஏதாவது இருந்தால் அது இந்தக் கார்னோபாதான். இழைப்புளி அடியில் தடவவோ மெஷின் டேபிளுக்கோ மலிவான மெழுகே போதும்.

மேசையைக் கீழே கொண்டுவந்து சரிசெய்தேன். மெழுகு ஏறிய மரத்தில் வேறு எதுவும் ஒட்டாது. டர்பன்டைன் நனைத்த துணியை மாற்றி மாற்றித் துடைத்து, உப்புத்தாள் போட்டு, தண்ணீர்ச் சொட்டு முத்தாக நிற்காமல் பரவுகிறதா என்று இடம் இடமாகப் பார்த்து, இரண்டு நாள் போனது. மெழுகு நீக்கிய அரக்கு இரண்டு கோட், அதன் மேல் பளபளப்பில்லாத பி.யு. (பாலியூரித்தேன் வார்னிஷ்) மூன்று கோட். கடைசியில் என் 120 ரூபாய் மெழுகு. வண்டி வாடகை, ஆள் கூலி எல்லாம் என் கையிலிருந்து.

டப்பாவை அப்போதே திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருடம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும், சட்டம் அது. என் டப்பாவில் ஒரு ஸ்டிக்கரைத் தவிர ஒன்றுமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பில்லும் திறக்காத இரண்டாவது டப்பாவும் பத்திரமாக இருக்கின்றன. உங்களிடமும் இப்படி முகவரி இல்லாத டப்பா இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு எடுத்து வையுங்கள்.