மலேசியாவும் சிங்கப்பூரும்: மறுபடியும் இணைவதா, இப்படியே இருப்பதா?

என் பணப்பையில் இரண்டு நீல அடையாள அட்டைகள் இருக்கின்றன. ஒன்று மலேசியக் குடிமகனுக்கு உரியது, மற்றொன்று சிங்கப்பூர் நிரந்தரவாசிக்கு உரியது. ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று 19 ஆண்டுகளாகக் கடற்பாலத்தைக் கடந்துவரும் எனக்கு, சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்ற கேள்வி சென்ற ஆண்டு எழுந்தது. இரு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டாக வேண்டும். பல வாரங்கள் யோசித்த பிறகு, விண்ணப்பிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த வாரங்களில் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ஒரே நாடாவே இருந்திருந்தா உனக்கு இந்தத் தொல்லை ஏதுப்பா?" 1967க்கு முன்பு கடப்பிதழ் எதுவும் இல்லாமல் பேருந்தில் பாலத்தைக் கடந்து சென்ற தலைமுறை அவருடையது. அவருக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரலாறு நம்மில் பலருக்கும் தெரிந்ததே. 1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்தது. 1964இல் இரண்டு இனக்கலவரங்கள் நடந்தன. 1965 ஆகஸ்ட் 9 அன்று கோலாலம்பூர் நாடாளுமன்றம் 126 வாக்குகளுடன், எதிர்ப்பே இல்லாமல், பிரிவினைச் சட்டத்தை நிறைவேற்றியது. இருபத்து மூன்று மாதங்கள்கூட நிறையாத அந்த இணைப்பை மீண்டும் முயன்று பார்க்கலாமா என்பதே கேள்வி.

இணைய வேண்டும் என்பவர்களின் வாதத்தை நான் எளிதாக ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அதன் வலியை அன்றாடம் அனுபவிப்பவர்களில் நானும் ஒருவன். விடியற்காலை நாலரை மணிக்கு, மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட, முன்னால் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களின் சிவப்பு விளக்குகளைப் பார்த்தபடி நிற்கையில், ஈரமான கட்டைவிரலை இயந்திரம் ஏற்காமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை துடைத்து வைக்கும்போது, இந்த எல்லை யாருக்காக என்று தோன்றாத நாளே இல்லை. குடும்பங்களும் இரு கரைகளிலும் பிரிந்து கிடக்கின்றன. என் அத்தை மணமாகிப் போனது சிங்கப்பூருக்கு. ஒரு பாலத்துக்கு அப்பால் இருக்கும் அவருடைய பேரப்பிள்ளைகள் எங்களுக்கு வெளிநாட்டினர். பொருளாதாரத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கம் நிலமும் நீரும் ஆட்களும், மறுபக்கம் துறைமுகமும் மூலதனமும் இருக்கும்போது, இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தால் பயன் கூடும் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான்.

ஆனால் இந்தக் குறைகளில் பல, நாடுகள் இணையாமலேயே தீர்ந்து வருகின்றன. 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டியே கடக்கலாம். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். விரைவு ரயில்பாதை, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும் அளவில் அமைக்கப்படுகிறது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும். ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரி 7 அன்று கையெழுத்தானது. நாணயத்தைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 1973 வரை இரு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றுக்கும் மேற்பட்ட மலேசிய வெள்ளி கிடைக்கிறது. என் குடும்பம் நடப்பதே அந்த வேறுபாட்டால் என்பதால், இதில் என் வாதத்துக்கு எடை கொடுக்கக் கூடாது.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது வேறொன்று. இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு, இரு நாடுகளாக இருக்கும்போது எப்படிக் காப்பாற்றப்படுகிறது, ஒரே நாடாகிவிட்டால் என்ன ஆகிறது என்பதே அது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர், ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம்; ஆயிரம் கேலனுக்கு அது தருவது மூன்று காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 காசுக்குத் திரும்ப வாங்குகிறது. மூன்று காசு என்பது நியாயமான விலையன்று என்றே ஜொகூர்க்காரனாகிய நானும் நினைக்கிறேன். ஆயினும் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ தலைவர்கள் கோபமாகப் பேசியும் எவரும் அந்தக் குழாயை மூடவில்லை. 1965 பிரிவினை ஒப்பந்தத்திலேயே அந்த வாக்கு எழுதப்பட்டு, ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் பதிவும் செய்யப்பட்டது. 2061 வரை அது நிற்கும். பத்து புத்தே தீவுச் சிக்கலை இரு நாடுகளும் அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. 2008இல் தீவு சிங்கப்பூருக்கும் அருகிலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கும் என்று தீர்ப்பு வந்தது. சிங்கப்பூருக்குள் இருந்த மலேசிய ரயில் நிலம் பற்றிய 1990ஆம் ஆண்டு உடன்பாடு இருபது ஆண்டுகள் இழுபறியில் கிடந்தாலும், 2010இல் தீர்ந்து, மறு ஆண்டு ஜூன் இறுதியில் தஞ்சோங் பகார் நிலையம் மூடப்பட்டது. தாமதங்கள் உண்டு, மனக்கசப்புகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் இருவருக்கும் பொதுவான ஒரு மேசையோ மன்றமோ இருந்தது.

ஒரே நாடாக இருந்தபோது அப்படி எதுவும் இல்லை. 1963 ஏற்பாட்டின்படி சிங்கப்பூர் தன் வரி வருவாயில் 40 விழுக்காட்டைக் கோலாலம்பூருக்குக் கொடுத்தது. பதிலுக்கு, இரு பகுதிகளுக்கும் இடையே சுங்கத் தடையின்றிச் சரக்குகள் சென்றுவரும் ஒரு பொதுச்சந்தை படிப்படியாக அமையும் என்று வாக்களிக்கப்பட்டது. பொதுச்சந்தை வரவில்லை, மாறாக, 1964 இறுதியில் அந்த 40ஐ 60ஆக உயர்த்த வேண்டும் என்று மத்திய நிதியமைச்சர் கேட்டார். 159 நாடாளுமன்ற இடங்களில் 15 மட்டுமே வைத்திருந்த சிங்கப்பூர் முறையிடப் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

அது பழைய கதை என்பவர்கள், 1963இல் சிங்கப்பூரோடு சேர்ந்தே மலேசியாவில் இணைந்த போர்னியோத் தீவு மாநிலமான சபாவைப் பார்க்க வேண்டும். என்னோடு வேலை செய்யும், சபாவின் தாவாவ் ஊர்க்காரர் ஒருவர், சம்பளப் பேச்சு வந்தாலும் சாலைப் பேச்சு வந்தாலும் "எங்கள் நாற்பது" என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்பார். சபாவிலிருந்து மத்திய அரசாங்கம் திரட்டும் நிகர வருவாயில் 40 விழுக்காட்டைக் கணக்கில் கொண்டு சிறப்பு மானியம் தருவதாக, மலேசியா உருவானபோது அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1970களிலோ அது ஆண்டுக்கு 26.7 மில்லியன் வெள்ளி என்று நிறுத்தப்பட்டு, பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1974 முதல் 2021 வரை செய்ய வேண்டிய மறுஆய்வைச் செய்யாமல் விட்டது சட்டவிரோதம் என்று கோத்தா கினாபாலு உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உள்நாட்டு நீதிமன்றமே நியாயம் சொல்லிவிட்டதே என்று அப்பா கேட்டார். சொன்னதுதான், ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, வேலை தேடித் தீபகற்பத்துக்கும் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. சபாவுக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அங்கே வாழ்பவர்கள் இதை வேறு விதமாக எடைபோடக்கூடும். என் கண்ணில் பட்டது இதுவே: சட்டத்தில் எழுதப்பட்ட வாக்குகூட, பெரும்பான்மை ஒரு பக்கமாக இருக்கும்போது, கேட்பாரின்றிக் கிடக்க முடிகிறது.

இன்று இணைந்தாலும் அதே கணக்குத்தான். சிங்கப்பூரில் ஏறத்தாழ 6 மில்லியன் பேர், மலேசியாவில் 34 மில்லியன். மக்கள்தொகைப்படி இடம் ஒதுக்கினால் புதிய நாடாளுமன்றத்தில் சிங்கப்பூருக்கு ஏழில் ஒரு பங்கு கிடைக்கலாம்; அரசமைப்புத் திருத்தத்தைத் தடுப்பதற்கோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். இணைப்பின்போது எழுதப்படும் எந்த உறுதிமொழியும் மற்றவர்களின் நல்லெண்ணம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும்.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. இரு நாட்டு அரசமைப்புச் சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மலேசியாவில் 152ஆவது பிரிவு தேசிய மொழியையும், 153ஆவது பிரிவு மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்புநிலையையும் சொல்கின்றன. சிங்கப்பூரின் 153ஏ பிரிவு மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழையும் அதிகாரத்துவ மொழி என்கிறது. மலேசியா நமக்கு அந்த அங்கீகாரத்தைத் தரவில்லை, ஆனால் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றுகூட இன்று இல்லை. என் மகள் ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். நான் சிங்கப்பூரில் இறங்கும் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. இணைப்புப் பேச்சில் இவை இரண்டுமே பேரம் பேசும் பொருளாகிவிடும், அந்த மேசையில் நம் எண்ணிக்கை மிகச் சிறியது.

இணைப்புக்குப் பதிலாக இரு அரசாங்கங்களிடமும் நான் கேட்பது சிறியவை: பாலத்தைக் கடந்து மணந்தவர்களின் துணைவர்களுக்கு விரைவான வதிவிட அனுமதி, ஒரு நாட்டின் சேமநிதியை மறுநாட்டு மருத்துவமனையிலும் பயன்படுத்தும் வழி, நாள்தோறும் கடப்பவர்களுக்குத் தனி வரிசை. அத்தையின் முதுமையை எண்ணும்போது, முதல் கோரிக்கையாவது விரைவில் நிறைவேற வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரெண்டு கார்டும் வச்சுக்க" என்றார். சிங்கப்பூர் நிரந்தரவாசத்தைத் தக்கவைக்கத் தேவையான என் மறுநுழைவு அனுமதி மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அன்றிரவே நிரப்பிவிட்டேன்.