குர்குமின் கேப்சூல்: டப்பாவில் இருப்பதும் துண்டுத்தாளில் இருப்பதும்

இணைய அங்காடி ஒன்றில் 60 குர்குமின் கேப்சூல்கள் கொண்ட இந்த டப்பாவை 749 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு கேப்சூலில் 95 சதவீதம் குர்குமினாய்டுகள் (மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் அதன் இனப் பொருள்களும்) அடங்கிய மஞ்சள் சாறு 500 மில்லிகிராமும், மிளகிலிருந்து பிரித்த பைபரின் 5 மில்லிகிராமும் இருப்பதாக லேபிள் கூறுகிறது. சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் என்பதால், ஒரு கேப்சூல் ஏறத்தாழ 16 கிராம் தூளுக்குச் சமம். எந்தச் சாம்பாரும் தாங்காத அளவு அது.

சரக்கைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. ஒரு கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டியபோது தூள் கரையாமல் மிதந்தது; குர்குமினின் இயல்பே அதுதான். சுண்ணாம்புத் தெளிவைச் சேர்த்ததும் ஆரத்தித் தண்ணீரைப் போலச் சிவந்தது. உள்ளே குர்குமின் இருக்கிறது என்பதற்கு இது போதும், ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதை இது காட்டாது.

டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாள்தான் சிக்கல். ‘ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்ட ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல்’, ‘புற்றுநோய்ச் செல்களை அழிக்கிறது’ என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். முதல் வாசகத்துக்கு அடிப்படையாக அவர்கள் காட்டுவது டி.பி.பி.எச். என்ற சோதனை: ஊதா நிறக் கரைசலில் மூலிகைச் சாற்றைச் சேர்த்து, நிறம் எவ்வளவு வெளிறுகிறது என்று அளப்பது; ஆன்டிஆக்சிடன்ட் பொருள் இருந்தால் நிறம் வெளிறும். கொய்யா இலையும் தேயிலையும்கூட இதில் நன்றாகத் தேறிவிடும். இரண்டாவது வாசகம், தட்டில் வளர்த்த செல்களின் மீது சாற்றை நேரடியாக ஊற்றிக் கண்டது. அங்கே பயன்படுத்தும் செறிவு, விழுங்கிய குர்குமின் இரத்தத்தில் எட்டும் அளவைவிடப் பன்மடங்கு அதிகம். குர்குமின் குறித்து நடந்த 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளை அலசி 2017இல் வெளிவந்த கட்டுரை, முறையான கட்டுப்பாட்டுடன் நடந்த எந்தச் சோதனையிலும் அது வெற்றி பெறவில்லை என்றே முடிவு கூறியது.

பைபரின் சேர்த்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு கூடும் என்ற வாசகம் 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்விலிருந்து வருகிறது. ஆனால் அந்த ஆய்வில் குர்குமினைத் தனியாக உண்டவர்களின் இரத்தத்தில் அது கண்டறிய முடியாத அளவிலோ மிகக் குறைவாகவோதான் இருந்தது; ஏறத்தாழ ஒன்றுமில்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்பதை வாங்குபவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

என்னை உண்மையில் உறுத்தியது வேறு. பைபரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் செயல்பாட்டையும் மாற்றக்கூடியது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் உட்கொள்ளும் பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான சிறிய ஆய்வில், குர்குமின் சேர்ந்தபோது அந்த மருந்தின் செயல்படும் வடிவம் இரத்தத்தில் குறைந்தது. பைபரினும் சேர்ந்தபோது மேலும் குறைந்தது. அதாவது, இந்தத் துண்டுத்தாளை நம்பி வாங்கக்கூடியவர்களுக்குத்தான் இது கேடு செய்ய வாய்ப்புண்டு. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியுள்ளன. இவை பற்றித் துண்டுத்தாளில் ஒரு வரிகூட இல்லை. டப்பாவின் பின்புறத்தில் மட்டும் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற கட்டாய வாசகம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்கும் என விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், ‘குணமாக்கும்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘அழிக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்கள் போலும்.

மூலிகையிலிருந்து புற்றுநோய் மருந்தே வராது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. ஆனால் அது தனி வேதிப்பொருளாகப் பிரிக்கப்பட்டு, நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, அளவு கணக்கிட்டு இரத்தக் குழாய் வழியே மருத்துவமனையில் செலுத்தப்படுவது.

சரக்குக்காக மட்டும் 5க்கு 2 தருகிறேன். சிகிச்சையில் இருப்பவர்களும் இரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். டப்பாவின் தொகுப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஆய்வக அறிக்கை கேட்டு விற்பனையாளருக்கு எழுதினேன். பதிலுக்கு அதே துண்டுத்தாளின் வண்ணப் பிரதியை அனுப்பிவைத்தார்கள்.